முதல் கியர்

என் காரின் டிக்கியில் ஒரு கயிறு கிடக்கிறது. பெருவிரல் பருமனில் வெள்ளைப் பருத்திக் கயிறு. இரண்டு முனையிலும் சிவப்புத் துணி சுற்றித் தைத்திருக்கும். காரைக்குடி செக்காலையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் வண்டியில் கயிறு இருப்பது அதிசயம் இல்லை. என்னிடம் படிக்க வருகிறவர்கள் வண்டியை எந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் அப்படி இறக்கும்போதெல்லாம் நான் மெக்கானிக் கடைக்குப் போன் போட்டு வேறு கயிறு கொண்டுவரச் சொல்வேன். "சார், டிக்கியிலயே ஒண்ணு கெடக்கே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அது சாமி கயிறு" என்பேன். டாஷ்போர்டில் மாதா சுரூபத்தை ஒட்டிவைத்திருக்கிற ஆளிடம் எந்தச் சாமியின் கயிறு என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பிறகு, இந்த ஆள் வாயில் நிஜமே வராது என்று விட்டுவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு வசதி. கோமாளி என்று பெயர் வாங்கியவன் உண்மையை எங்கே வைத்தாலும் பத்திரமாக இருக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள்.

அது எங்கள் சுபேதார் மேஜருடைய கயிறு. பட்டாளத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு வகை ஆட்கள்தான் தெரியும்: தோளில் நட்சத்திரம் வைத்த அதிகாரி, துப்பாக்கி தூக்கிய ஜவான். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். கடைசி வரிசை ஜவானாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, தலை நரைக்கிற வயதில் அந்த இடத்துக்கு வருவார். ஒரு பட்டாளத்துக்கு ஒருவர்தான். அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போய்விடுவார்கள். அவர் அங்கேயே இருப்பார். எவன் தங்கைக்குக் கல்யாணம், எவன் வீட்டில் வரப்புத் தகராறு, எவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நேற்று வந்த இளம் அதிகாரிகூட அவரை "சாப்" என்றுதான் கூப்பிடுவார். மகன் வயதுள்ள அந்தப் பிள்ளைக்கு இவர் விறைப்பாக சல்யூட் வைப்பார். டிரைவர் பாஷையில் சொன்னால், அதிகாரி என்ஜின், ஜவான் சக்கரம், சுபேதார் மேஜர் நடுவில் இருக்கிற கிளட்ச் பிளேட். இந்தக் கண்டுபிடிப்பை அவரிடமே ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். முன்னால் பார்த்தபடியே பதில் சொன்னார்: "கிளட்ச் பிளேட்டு தேயிறது யாருக்கும் தெரியாதுடா. கருகுன நாத்தம் வந்தாத்தான் தெரியும்." நல்ல வசனம் என்று மட்டும் அன்றைக்கு நினைத்தேன்.

நான் அவருக்கு டிரைவரான கதை என் திறமைக்கே சான்று. லாரியைப் பின்னால் எடுக்கும் பரீட்சையில், காவல் வாசலுக்கு முன் சிவப்பும் வெள்ளையும் அடித்து வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளின் மேல் ஏற்றினேன். ஒன்றை மட்டும் இடித்திருந்தால் அது விபத்து. நான் முதல் தொட்டியில் தொடங்கி வரிசை கலையாமல் கடைசித் தொட்டி வரைக்கும் போனேன். அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கீழே இறங்கியபோது எதிரே சுபேதார் மேஜர் நின்றார். "எந்த ஊருடா?" என்று கேட்டார். காரைக்குடிப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் மண்ணும் செம்பருத்தியுமாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நமக்குன்னு வந்து சேருதே" என்றார். அவருக்குக் கொத்தமங்கலம். பக்கத்தில் நின்ற ஹவில்தாரிடம், "இவன வேற எங்குட்டு விட்டாலும் ஆபத்து. என் கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்" என்று சொல்லி என்னைத் தன் ஜீப்புக்கு எடுத்துக்கொண்டார். தண்டனையாகக் கிடைத்த பதவியில் நான் ஆறேழு வருடம் சுகமாக இருந்தேன்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு அவருடைய அப்பா காவல். வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து கதவுகளைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை அறைகளும் பூட்டிக் கிடக்க, காவல்காரக் குடும்பம் பின்கட்டுக் கொட்டகையில் படுத்திருக்கும். "பூட்டுன கதவுக்கு முன்னால வெரப்பா நிக்கிறத எங்கப்பாகிட்டயே படிச்சிட்டேன். பட்டாளத்துல புதுசா என்னத்தச் சொல்லிக் குடுத்தாக?" என்பார். எல்லையிலும் பனியிலும் நின்று, சுட்டு, சுடப்பட்டு, காலில் ஓர் இரும்புத் துண்டோடு மேலே வந்தவர். ஆனால் அவர் பெயர் பேசப்பட்டது துப்பாக்கியால் அல்ல, கையால். காலையில் உடம்பு சரியில்லை என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் வருவார். புறங்கையைக் கழுத்தில் வைப்பார். ஒரு நொடிதான். "போய்ப் படு" என்றால் காய்ச்சல். "போய் ஓடு" என்றால் நடிப்பு. டாக்டரின் கருவி தப்பினாலும் அந்தக் கை தப்பாது. நான் ஒருமுறை அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பலித்த வித்தை. கழுத்தில் கை வைத்தார், குனிந்து முகர்ந்தார். "வெங்காயம் சமையக்கட்டுக்குப் போகட்டும். நீ மைதானத்துக்குப் போ" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ராஜஸ்தான் மணலில் இருந்தோம். கோடை. பட்டாளங்களுக்கு இடையே ஓட்டப் போட்டி வந்தது: முழுச் சுமையோடு, குழுவாக ஓட வேண்டும்; ஓர் ஆள் குறைந்தாலும் குழு வெளியே. எங்கள் சி.ஓ., அதாவது பட்டாளத்தின் தலைமை அதிகாரி, புதிதாக வந்தவர். அந்தக் கோப்பை அவருக்கு எப்படியும் வேண்டும். குழுவில் திருவாடானைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். மீசை சரியாக முளைக்காதவன். எதைச் சொன்னாலும் "சரி சாப்" என்பான். அதனால் அவன் பெயரே சரிசாப் ஆகிவிட்டது. என் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாயாடா என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "சரிண்ணே" என்று போட்டே விட்டான். எனக்கு வெட்கமாகப் போய், அவன் ஷூவுக்கு நான் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். பட்டாளத்தில் என் கையால் பளபளத்த ஒரே ஜோடி அதுதான்.

போட்டி அன்று காலையில் சுபேதார் மேஜர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் ஜீப்பில் இருந்தேன். அந்தப் பையன் ஏதோ சொன்னான். சுபேதார் மேஜர் புறங்கையை அவன் கழுத்தில் வைத்தார். வழக்கமாக ஒரு நொடியில் எடுக்கிற கை அன்றைக்குக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். திரும்பி என் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற சி.ஓ.விடம் வந்தார். பையனுக்கு நல்ல காய்ச்சல், மாற்று ஆளை இறக்கலாம் என்றார். மாற்று ஆள் மெதுவாக ஓடுவானே என்றார் சி.ஓ. சுபேதார் மேஜர் இன்னொரு முறை சொன்னார். சி.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவருக்குக் காது கிடையாது என்பது அதிகாரிகள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்காமல் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுபேதார் மேஜர் வரிசைக்குத் திரும்பிப் போனார். அந்தப் பையனிடம் என்னவோ சொன்னார். "சரி சாப்" என்று அவன் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

அவன் எல்லைக் கோட்டுக்கு முன்னால் விழுந்தான். எழவில்லை.

விசாரணை நடந்தது. அதற்கு முந்தின நாள் சி.ஓ. எங்கள் ஜீப்பில் ஏறினார். மழை வருமா, மெஸ்ஸில் புதிய சமையல்காரன் எப்படி என்று பேசிக்கொண்டே வந்தவர், இறங்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "ஆகஸ்ட் பதினைந்து நெருங்கிவிட்டது, இல்லையா, சுபேதார் மேஜர் சாப்?" அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஓய்வு பெறப்போகும் மூத்தவர்கள் சிலருக்குச் சுதந்திர தினத்தன்று கௌரவ அதிகாரிப் பட்டம் அறிவிப்பார்கள். தோளில் நட்சத்திரம் இருப்பது சில வாரங்களுக்குத்தான்; ஆனால் சாகும்வரை பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் இருக்கும். அதற்கான சிபாரிசு சி.ஓ. கையில். பின்கட்டுக் கொட்டகையில் படுத்து வளர்ந்தவனுக்கு, பூட்டிய கதவு ஒன்று திறக்கப்போகிறது என்றால் அது எவ்வளவு பெரிய கதவாகத் தெரியும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அவரை நியாயப்படுத்தவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். விசாரணையில் சுபேதார் மேஜர் சொன்னார்: பையன் காய்ச்சலை யாரிடமும் சொல்லவில்லை, ஆர்வத்தில் மறைத்துவிட்டு ஓடினான். அப்படியே முடிவானது. வரிசையில் நின்ற பையன்களைக் கேட்கவில்லை, டிரைவரையும் யாரும் கூப்பிடவில்லை. காது இல்லாதவனிடம் என்ன கேட்பது?

ஆகஸ்ட் பதினைந்தும் வந்தது, நட்சத்திரமும் வந்தது.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைமையில் இருந்தவர் விடைபெற்றுப் போகும் நாளில் அவருடைய ஜீப்பைச் சாமந்திப் பூவால் அலங்கரிப்பார்கள். முன் பம்பரில் வெள்ளைக் கயிறு கட்டுவார்கள். என்ஜினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, டிரைவர் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜவான்கள் கயிற்றைப் பிடித்துக் கையாலேயே ஜீப்பை வெளிவாசல் வரைக்கும் இழுத்துப் போவார்கள். கயிற்றில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் குன்றக்குடித் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரிதான். வடத்தைத் தொட்டவனெல்லாம் இழுத்தவன் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். கூட்டத்தில் நாலு பேர் சும்மா கையை வைத்துக்கொண்டு நடப்பார்கள், தேர் நகர்ந்துவிடும். நாலு பேர் மட்டும் அப்படி என்றால் நகரும்.

சுபேதார் மேஜர் போகிற நாளில் எல்லோரும் வந்தார்கள். வரச் சொல்லி உத்தரவு. எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். அதுவும் உத்தரவுதான். பேண்டு வாசித்தது. சி.ஓ. கைதட்டினார். சுபேதார் மேஜர் புதுச் சீருடையில், புது நட்சத்திரங்களோடு, ஜீப்பின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. முன்னால் நின்ற ஹவில்தார், "ஜோர் லகாகே!" என்று பலமாக இழுக்கச் சொல்லிக் கத்தினார். "ஹையா!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். ஜீப் அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட மறந்துவிட்டேனோ என்று பார்த்தேன்; என்னை நம்ப முடியாது அல்லவா. விட்டுத்தான் இருந்தேன். கியரைப் பார்த்தேன், நியூட்ரல்தான். மறுபடியும் "ஜோர் லகாகே!" மறுபடியும் "ஹையா!" குரலில் மலை நகரும், கையில் கொசுகூட நகராது. முன் கண்ணாடி வழியாகக் கயிற்றைப் பார்த்தேன். நடுவில் தொய்ந்து தார் ரோட்டில் படுத்துக் கிடந்தது. வரிசையில் ஒருவன்கூட திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் நேரே முன்னால். கட்டளைக்குக் கீழ்ப்படியாத ஒருவனை அதில் காட்ட முடியாது. பிடி என்றார்கள், பிடித்திருக்கிறான். கத்து என்றார்கள், கத்துகிறான். இழுக்கிறானா என்பது அவனுக்கும் கயிற்றுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நான் சாவியைத் திருப்பினேன். பேண்டு சத்தத்தில் என்ஜின் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டேன். ஜீப் நகர்ந்தது. அவர்களும் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தார்கள், தொய்வு குறையாமல். போட்டோவில் பார்த்தால் எண்ணூறு பேர் ஒரு மனிதனை அன்போடு இழுத்துப் போவது போலவே இருக்கும். வாசலுக்கு வந்ததும் எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். முடிச்சை அவிழ்க்க வேண்டியவன் வரவில்லை. சுபேதார் மேஜர் இறங்கி, மாலைகளோடு குனிந்து, தானே அவிழ்த்து, அவர் கைக்கே உரிய ஒழுங்கில் சுருட்டி என் பக்கத்து இருக்கையில் வைத்தார். "நீயே வச்சுக்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மானம் போகாமல் ஒரு பெரிய மனிதரை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். என் வாழ்க்கையில் எதிலும் இடிக்காமல் நான் ஓட்டிய அருமையான ஓட்டம் அது.

பிறகு நானும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு இருக்கும் ஒரே வழி, மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பது. அவர் காரைக்குடியிலேயே புது வீடு கட்டி இருந்தார். ஊர் அவரை லெப்டினன்ட்டோடு நிறுத்தவில்லை. தானாகவே பதவி உயர்வு கொடுத்து "கேப்டன்" ஆக்கிவிட்டது. டீக்கடையில் கேப்டன், பால் பூத்தில் கேப்டன். அவர் திருத்தியதில்லை. ஆனால் வீட்டு வாசல் பலகையில் "சுபேதார் மேஜர், ஓய்வு" என்று மட்டும் இருக்கும். பள்ளிக்கூடங்களில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். ஜனவரியில் போவார். ஆகஸ்டில் ஏதாவது காரணம் சொல்லிவிடுவார். ஊரில் எவருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? போகிற வழியில் பார்த்தால், "சாப், நல்லா இருக்கீகளா?" என்பேன். "ஒங்கிட்ட படிச்சவன் எவனும் இன்னும் சாகலையா?" என்பார். இருவரும் சிரித்துக்கொண்டு பிரிவோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் என் ஸ்கூலுக்கு வந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். வாழ்க்கை முழுவதும் ஜீப்பில் போனவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. "இந்த வயசுல எதுக்கு சாப்? எங்குட்டுப் போகணும்னு சொல்லுங்க, நான் வாரேன்" என்றேன். "இது ஒன்னையக் கூட்டிட்டுப் போற எடம் இல்லடா. நானா போகணும்" என்றார். எண்ணூறு பேரை ஒரு குரலில் திருப்பியவர் என் சின்னக் காரை நேராக வைக்கப் பட்ட பாடு இருக்கிறதே! கிளட்ச்சை வெடுக்கென்று விடுவார். வண்டி குதித்து நின்றுவிடும். "மெதுவா விடுங்க சாப், பூனையக் கீழ எறக்குற மாதிரி" என்பேன். "நீ எனக்கு அதட்டுப் போடுற காலம் வந்துருச்சு பாத்தியா" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும், "நீள ரோடு ஓட்டிப் பாக்கணும், ஏறு" என்றார். தேவகோட்டை தாண்டியும் நிறுத்தவில்லை. திருவாடானைப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் மிதிக்கவில்லை.

ஓட்டு வீடு. சுவரில் சீருடையில் அந்தப் பையன், மேலே பிளாஸ்டிக் மாலை. அம்மா மட்டும் இருந்தார். மகனோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் என்றதும், "வாங்கய்யா, வாங்க, எங்கிட்டு இருந்து வாரீக?" என்று பதறி, பாய் விரித்து, பக்கத்து வீட்டில் பால் வாங்கிவந்து காபி போட்டார். சுபேதார் மேஜர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா மகனைப் பற்றிப் பேசினார். பேசினார் என்றால், ஏசினார். "போகாதடான்னேன், கேட்டானா? காச்ச அடிக்கிதுன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா பெரியவுக நீங்கள்லாம் விட்டுருப்பீகளா? மறைச்சுப்புட்டு ஓடிருக்கான். கப்பு வாங்குற ஆச. சொல்லு பேச்சுக் கேட்டு வளந்துருந்தா இருந்துருப்பான். வெளக்குப் பொருத்துறப்பல்லாம் ஏசிட்டுத்தான்யா பொருத்துறேன், எடுபட்ட பயலேன்னு." அவர் அழவில்லை. நாள்பட்ட கோபத்தில் கண்ணீர் இருப்பதில்லை. சுபேதார் மேஜர் காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்தார். வாரோம் என்று கும்பிட்டார். வெளியே வந்தோம்.

காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். குதித்து நின்றது. மறுபடியும் செய்தார். மறுபடியும் நின்றது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். முன்னால் பார்த்தபடி, "அன்னைக்கு ஏன்டா என்ஜினப் போட்ட?" என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "வண்டி நகரல சாப்" என்றேன்.

"நகரலன்னா விட்டுருக்கணும். நான் எறங்கியிருப்பேன். அந்தப் பயலுக முன்னாடி எறங்கி நடந்தே வாசலுக்குப் போயிருப்பேன். அது எனக்கு வர வேண்டியதுடா. அத நீ வரவிடாமப் பண்ணிட்ட."

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிப்பது என் பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கி மறுபடியும் அந்த வீட்டுக்குள் போனார். நான் நிலைப்படியில் நின்றேன்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். வரிசையில் பையன் காய்ச்சல் என்று சொன்னதை, அதிகாரி மறுத்ததை, விசாரணையில் தான் சொன்ன பொய்யை, அது எதற்காக என்பதை. ரிப்போர்ட் கொடுக்கிற குரல்தான், முன்னும் பின்னும் குறையாமல். அந்த அம்மா கேட்டார்:

"தொட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன்மா. இந்தக் கையாலதான்."

"சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"அப்புறம் என்ன சொன்னீக?"

"மெதுவா ஓடு, முடியலன்னா உக்காந்துருன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரி சாப்ன்னான்."

அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார். "அப்ப எம்புள்ள சொல்லு கேட்டவன்தான்" என்றார். கேள்வி இல்லை அது. படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியில் கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "இத்தன வருசமா ஒன்னையப் போயி ஏசிட்டேனேய்யா." பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, "நீங்க போங்க" என்றார். ஒரு சாபம் இல்லை, மண்ணைத் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் சுபேதார் மேஜர் வாங்கிக்கொண்டிருப்பார். அதற்குத்தானே வந்தார். அந்த அம்மாவுக்கு மகனிடம் பேச வேண்டியது நிறைய இருந்தது. எங்களுக்காகச் செலவழிக்க அவரிடம் நேரம் இல்லை.

வெளியே வந்தவர் காரில் ஏறவில்லை. நடக்க ஆரம்பித்தார். உச்சி வெயில். இரும்புத் துண்டு கிடந்த கால் லேசாக இழுத்தது. முதுகு மட்டும் அணிவகுப்பில் நடக்கிற முதுகு. "ஏறுங்க சாப்" என்று ஒருமுறை சொன்னேன். காது கேட்காதது போல நடந்தார். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, அவருக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். நெற்றியில் எல் போர்டு ஒட்டிய கார், அதற்கு முன்னால் வெயிலில் ஒரு கிழவர். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் நிறுத்தினான். "என்னண்ணே, வண்டி ரிப்பேரா? கயிறு இருக்கா, கட்டி இழுப்பமா?" என்றான். நல்ல மனது.

"இருக்கு தம்பி. இது இழுக்குற கயிறு இல்ல" என்றேன்.

அதன்பின் அவர் என்னிடம் வண்டி கற்க வரவில்லை. பையனின் சாவைப் பற்றிய முடிவைத் திருத்த வேண்டும் என்று, உண்மையைச் சொல்ல அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எல்லா இடத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க லெப்டினன்ட் சாப்" என்று உட்காரவைத்து, டீ கொடுத்து, முடிந்துபோன விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த சி.ஓ. இன்னும் பெரிய பதவிகளுக்குப் போய் ஓய்வு பெற்றார். இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி உரை நிகழ்த்துகிறாராம். நன்றாகப் பேசுவார். அவருக்கு மழையைப் பற்றிக்கூட நன்றாகப் பேசத் தெரியும்.

போன மாசியில் சுபேதார் மேஜர் போய்ச் சேர்ந்தார். செக்காலை ரோட்டில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். "கேப்டன்" என்று கொட்டை எழுத்து. தோளில் யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டிய நட்சத்திரங்கள், அவர் வாங்கியதைவிடக் கூடுதலாக ஒன்று. திருவாடானைப் பக்கத்துக்கு நான் தகவல் சொல்லிவிட்டேன். போனில் அந்த அம்மா, "ம்" என்றார். வைத்துவிட்டார்.

நேற்று ஒரு கல்லூரிப் பெண் என் காரைக் கண்மாய்க் கரையில் அழகாக இறக்கிவைத்தாள். மெக்கானிக் கடைப் பையன் வரும்வரைக்கும் இருவரும் கருவேல நிழலில் நின்றோம். டிக்கியை எட்டிப் பார்த்து அவளும் கேட்டாள். சாமி கயிறு என்று சொல்ல நேற்று வாய் வரவில்லை.

"ஒரு காலத்துல எண்ணூறு பேரு பிடிச்ச கயிறும்மா அது" என்றேன்.

அவள் கயிற்றைத் தூக்கி, முனையைத் திருப்பிப் பார்த்தாள். பிரி விடவில்லை, அழுக்கில்லை, எங்கும் தேயவில்லை. "எண்ணூறு பேரு இழுத்துமா சார் இப்பிடிப் புதுசாட்டம் இருக்கு?"

"இழுத்தாத்தானே" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள்.